பிறந்த வீட்டுக் கோடி

எங்கள் முதியோர் இல்லத்தின் கேட்டைத் திரும்பத் திறந்த அன்று நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். அந்த அளவுக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது எனக்கு.

பொம்மிடியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி போகிற வழியில் இருக்கிறது இல்லம். அப்போது முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அதன் நிர்வாகத்தை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். கொரோனா வந்ததும் முதல் வேலையாகக் கேட்டைச் சாத்தினேன். காய்கறிக்காரரைக்கூட வெளியிலேயே நிறுத்தி, கூடையை மஞ்சள் தண்ணீரில் அலசித்தான் உள்ளே எடுத்தோம். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் எழவு விழுந்தது. எங்கள் இல்லத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

திறப்பதற்கு அரசாங்கம் அனுமதி கொடுத்ததும் விதிகளை நானே உட்கார்ந்து எழுதினேன். பார்க்க வருகிறவர்கள் முதல் நாளே போன் செய்ய வேண்டும். ஊசி போட்டதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். கேட்டை ஒட்டி ஒரு ஷெட், அதில் ஒரு மேஜை, நடுவில் பிளாஸ்டிக் ஷீட். இந்தப் பக்கம் எங்கள் ஆள், அந்தப் பக்கம் அவர்கள் ஆள். இருபது நிமிடம். வெளிச்சாப்பாடு கூடாது. இல்லத்தை விட்டு வெளியே போய் வருகிறவர் தனி அறையில் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஏழு நாள் போதும் என்றார். நான் பதினாலு என்று எழுதினேன். தனி அறை இருந்ததோ ஒன்றே ஒன்று.

அந்தக் கேட்டில் எனக்குத் துணையாக உட்கார்ந்தவர் அங்கே தங்கியிருந்த பெரியவர் ஒருவர். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். மனைவி இல்லை, பிள்ளையும் இல்லை. இண்டூரில் தங்கை வீடு இருந்தது. அங்கே போய் இருக்கலாமே என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "தங்கச்சி வூட்டுக்கு சீரு கொண்டுட்டுப் போலாமுங்க. ஒக்காந்து திங்கப் போகக் கூடாதுங்க" என்றார். ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டு, வருகிறவர்கள் கையைக் கழுவினார்களா, மூக்கு மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். இருபது நிமிடம் ஆனதும் தொண்டையைச் செருமுவார். ஒரு தடவை, கலெக்டர் ஜீப் வந்து ஹாரன் அடித்தபோதும் ரயில் போகிற வரைக்கும் கேட்டைத் திறக்கவில்லை என்று பழைய கதை சொல்வார். "சாத்தினது சாத்தினதுதானுங்க மேடம். அதுல பெரிய ஆளு சின்ன ஆளு இல்லீங்க." எனக்கு வாய்த்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

திறந்த இரண்டாவது வாரம் அவருடைய தங்கை வந்தார். ஒல்லியான அம்மா. நெற்றி நிறைய குங்குமம். ஒரு தூக்குப் போசியில் களியும், இன்னொன்றில் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்திருந்தார். நான் உள்ளே விடவில்லை. அண்ணனும் தங்கையும் பிளாஸ்டிக் ஷீட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசினார்கள். பேசினார்கள் என்பதைவிட அந்த அம்மா அழுதார், இவர் அதட்டினார். நேரமானதும் அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "கண்ணுலயாச்சும் பாத்தனே, அது போதும்" என்று அந்த அம்மா என்னிடம் சொல்லிவிட்டு, போசிகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த வாரம் காலையில், எல்லோரும் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் போன்.

"தங்கச்சி போயிருச்சுங்க மேடம். நெஞ்சுவலியாம். மூணு மணிக்கு எடுக்கறாங்களாம். பொறந்த வூட்டுக் கோடி நான்தான் போடணுமுங்க. எங்க வூட்டுல வேற ஆம்பளை இல்லீங்க."

எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பெண் செத்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து அவள்மேல் போட வேண்டும். அது வருகிற வரைக்கும் எடுக்காமல் காத்திருப்பார்கள். கணவன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போகிறவளுக்கு அந்தச் சேலை கட்டாயம். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பார்கள். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான்.

"போறது சரிங்க ஐயா, திரும்பி வந்தா உங்கள எங்க வெப்பேன்?" என்றேன். தனி அறையில், கண் ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பாட்டியை வைத்திருந்தேன்.

"ஸ்டோர் ரூமுல படுத்துக்கறனுங்க."

"அங்க கேழ்வரகு மூட்டை இருக்குது. எலி ஓடுது."

"எலிக்கு நான் பயப்படமாட்டனுங்க. தள்ளியே நின்னு கோடியப் போட்டுட்டு வந்தர்றனுங்க. தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்."

"எழவு வூட்டுல எவன் மாஸ்க் போடறான்? எல்லாரும் கட்டிப் புடிச்சுத்தான் அழுவாங்க. நீங்க எதையாவது கொண்டுவந்தா இங்க முப்பது பேரு போயிருவாங்க ஐயா." அதோடு விட்டிருக்கலாம். எனக்கு நாக்கு நீளம். "உங்களுக்காக ரூல மாத்துனா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. நீங்களே சொல்லுங்க. கலெக்டருக்கே தெறக்காத ஆளு நீங்க. இப்ப என்னையத் தெறக்கச் சொல்றீங்களே?"

அவர் முகம் மாறியது. "சரிங்க மேடம்" என்றார். "ஒரு போன் பேசிட்டு வந்தர்றேன்."

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் முதுகைக் காட்டியபடி பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்ததும், "சொல்லிட்டீங்களா?" என்றேன். "சொல்லிட்டனுங்க." "என்ன சொன்னாங்க?" "ஒண்ணும் சொல்லலீங்க." அப்படியா, நல்ல மனிதர்கள், புரிந்துகொண்டார்கள் என்று எனக்கு ஒரே நிம்மதி.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு, ஏழு நாள் போதும் என்ற அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் பக்கத்திலேயேதான் இருந்தது. போய் வரட்டும் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் கேட்காமல் இருந்தேன். ஸ்டோர் ரூமைக் காலி செய்ய அரை நாள் ஆகியிருக்கும், அவ்வளவுதான். முப்பது பேரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை. ஆனால் "எங்கள் இல்லத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை" என்ற என் பெருமையையும் சேர்த்துத்தான் காப்பாற்றினேன்.

கோடிக்கு நானே ஏற்பாடு செய்தேன். எங்கள் வண்டி டிரைவரைச் சேலை வாங்கிக்கொண்டு இண்டூருக்குப் போகச் சொன்னேன். "அரக்குல, பச்சைக் கரை போட்டதுங்க. அதான் அவளுக்குப் புடிக்கும்" என்று பெரியவர் டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னார். நான் கெட்டிக்காரத்தனமாக இன்னொன்றும் செய்தேன். போய்ச் சேர்ந்ததும் வீடியோ கால் போடும்படி டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன்.

மதியம் கால் வந்தது. பெரியவர் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, போனுக்கு முன்னால் நின்றார். மாஸ்க்கைச் சரியாக மூக்குக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். போனுக்கு எதற்கு மாஸ்க் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. திரையில் பந்தலின் துணி தெரிந்தது. யாரோ ஒருவரின் தோள். பிறகு மாலைகள், அதற்குக் கீழே மஞ்சள் பூசிய இரண்டு கால்கள். அத்தோடு படம் நின்றுவிட்டது. சிக்னல் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு கும்பிட்டபடி நின்றார்.

சாயந்திரம் டிரைவர் வந்து, "சேலைய ஒரு அம்மா வாங்கி ஓரமா வெச்சுட்டாங்க மேடம். யாருமே என்கிட்டப் பேசல" என்றான். எழவு வீட்டில் யார் பேசுவார்கள் என்று நினைத்தேன். பெரியவர் வந்து, "கோடி போட்டாங்களாமா?" என்று கேட்டார். "போட்டாங்க ஐயா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய், தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நாளில் பிளாஸ்டிக் ஷீட்டைக் கழற்றினோம். பிறகு மேஜையையும் எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரன் பேத்திகள் வந்து கூச்சல் போடுகிற பழைய நாள் திரும்பி வந்தது. அவரைப் பார்க்க மட்டும் யாரும் வரவில்லை. தங்கை மகன் என்று ஒருவர் இருந்தார். அவர் நம்பர்தான் எங்கள் ஃபைலில் நெருங்கிய சொந்தம் என்ற இடத்தில் இருந்தது. அவரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வரும். அதை இவரிடமே கொட்டுவேன். "என்னங்க ஐயா உங்க சொந்தம்? தாய்மாமன் சீரு செய்யறதுக்கு மட்டும்தானா?" என்று கேலி பேசுவேன். "வேலை இருக்குமுங்க" என்பார். ஒரு நாள் பொம்மிடிக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில், அந்தத் தங்கை மகன் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். இவருக்குப் பத்திரிகை வரவில்லை. அன்றைக்கும் நான்தான் பேசினேன். "இவங்க எல்லாம் மனுசங்களா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன். அவர் எழுந்து போய்விட்டார். பாவம், வருத்தப்படுகிறார் என்று நினைத்து இன்னும் நாலு வார்த்தை திட்டினேன்.

மூன்று வருடம் இப்படியே போனது. போன வருடம் ஒரு நாள் காலையில் அவருக்கு டீ கொண்டுபோன சமையல்காரம்மா ஓடி வந்தார். போய்ப் பார்த்தேன். தூக்கத்திலேயே போயிருந்தார்.

ஃபைலை எடுத்துவந்து, அவர் கட்டில் பக்கத்தில் நின்றே இண்டூருக்குத் தங்கை மகனுக்குப் போன் செய்தேன். துக்கம் சொல்கிற முறையில்கூடச் சொல்லவில்லை. "உங்க மாமா இறந்துட்டாருங்க. இப்பவாச்சும் வருவீங்களா, இல்ல இதுக்கும் நாங்கதானா?" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் கோபப்படவில்லை. "எங்கம்மா சாவுக்கு வராத ஆளுங்க அவரு" என்றார்.

"வர முடியாத காலங்க அது."

"இல்லீங்க. ஹோம்ல விடமாட்டேங்கறாங்களா மாமா, நான் நாலு பேரோட வந்து பேசறேன்னு சொன்னனுங்க. 'இல்லடா, அந்தம்மா போயிட்டு வாங்கன்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் உசுரு பயமா இருக்குது, நான் வரல'ன்னாரு. ஸ்பீக்கர் போட்டு ஊரு சனம் மொத்தமும் கேட்டுச்சுங்க. அதுக்கப்பறம் எங்கப்பா அவரு பேரையே எடுக்க விடல."

நான் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் அவர் படுத்திருந்தார். அன்றைக்கு நாலு பேர் வந்து என் கேட்டில் சண்டை பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயர் கெட்டிருக்கும். ஒருவேளை பயந்து நானே அவரை அனுப்பியிருப்பேன். அவர் அப்படி நடக்க விடவில்லை. என் விதியைத் தன் பயமாக்கிச் சொல்லிவிட்டு வந்து, "ஒண்ணும் சொல்லலீங்க" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு மூன்று வருடம் என் கேலியையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"நான்தாங்க விடல" என்றேன். "அவரு ஸ்டோர் ரூமுல படுத்துக்கறேன்னு கெஞ்சினாரு. நான்தான் விடல."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"எடுத்துட்டீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"வெச்சிருங்க. வர்றோம்."

ஒரு வேனில் வந்தார்கள். எண்பது தாண்டிய தங்கை வீட்டுக்காரரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவர் நேராகப் போய்ப் பெரியவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, "பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டனே மச்சான், பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டனே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நான் கைகட்டி நின்றேன். என்னை ஏதாவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. தங்கை மகன் மட்டும் கிளம்புகிற நேரத்தில் என்னிடம் வந்து, "ஏனுங்க, அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதுங்களா?" என்றார்.

பண்ணியிருக்கலாம்தான். ஆனால் அந்தப் போனைவிட அதிகமாக இன்னொன்றுதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது. அந்த மூன்று வருடமும் தினம் காலையில் அவருக்கு நான்தான் பிரஷர் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, மழையைப் பற்றியும் குழம்பில் உப்பைப் பற்றியும் பேசுவோம். அந்த நேரத்தில் ஒரு நாளாவது, "அன்னைக்கு நான் செஞ்சது தப்புங்க ஐயா" என்று நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அன்றைக்குப் போனில் சொன்னதை அவரும் என்னிடம் சொல்லியிருப்பார்.