கோலா கங்சாரில் ஒரு குருவிப் பெரட்டு

ஈப்போ ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் எனக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று காலைக் காப்பி, மற்றது குருவிகள். முதலாவதை என் மனைவி பொறுத்துக்கொள்கிறாள். இரண்டாவதைத் தைப்பிங்கில் பறவை ஆராய்ச்சி செய்யும் ஒரு வெள்ளைக்காரர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். காட்டை வெட்டி ரப்பர் நட்ட இடங்களில் எத்தனை காட்டுப் பறவைகள் தங்குகின்றன, எத்தனை ஓடிப்போகின்றன என்று அவருக்குத் தெரிய வேண்டும். ரப்பருக்குள் அரை மைல், காட்டுக்குள் அரை மைல், ஒரே காலையில் நடந்து, கண்ணில் பட்ட பறவை இனங்களைச் சொல்ல வேண்டும். மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று ஒதுக்கினேன். அதே மாதிரி போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் ரயிலில் ஏறக்குறைய முப்பது மைல். எனக்குப் பாஸ் உண்டு. நீங்கள் மூன்றாம் வகுப்புக்கு ஒரு வெள்ளிக்குள், அதாவது நூறு காசுக்குள், கொடுக்க வேண்டியிருக்கும். நான் சனிக்கிழமை மாலை போய் இறங்கினேன். அங்கிருந்து நான் போக வேண்டிய ரப்பர் தோட்டம் நாலு மைல். மாட்டு வண்டிக்காரர் எண்பது காசு கேட்டார். ஐம்பதுக்கு இறக்கினேன். அந்த முப்பது காசுக்கும் பதிலாக ஒரு குழியையும் விடாமல் வண்டியை இறக்கி ஏற்றினார்.

"கிராணி ஐயா, நீங்கதான் குருவி எண்ண வர்ற ஆளா?" என்று வழியில் கேட்டார்.

"ஓம். உமக்கு ஆர் சொன்னது?"

"தோட்டமே அதத்தான் பேசுது லா. ஆளுங்க குடியிருக்குற லயத்துக்குப் பின்னால இருக்குற காட்ட வெட்டிப்புட்டு பால்மரம் நடப் போறாராம் பெரிய தொரை. அங்கேருந்துதான் லயத்துக்குத் தண்ணி வருது. காட்டுல நெறையக் குருவி இருந்தா வெட்டுறத நிறுத்துறதப் பத்தி யோசிக்கலாம்னு தொரை சொல்லிட்டாரு. எல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

தைப்பிங்காருக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்து வந்தவன் நான். என் தலையில் ஒரு லயத்தின் தண்ணீரையே தூக்கி வைப்பார்கள் என்று யார் கண்டார்கள்?

அன்று இரவு தோட்டத்துக் கிராணியின் வீட்டில் தங்கினேன். விடிந்ததும் தோட்ட மேனேஜரான பெரிய துரையும் கூட வருவதாகச் சொல்லி வந்து நின்றார். வழி காட்ட, கூலிகளை வேலை வாங்கும் மாரிமுத்துக் கங்காணி. தலைப்பாகையைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தது. முதலில் ரப்பருக்குள் நடந்தோம். இலை உதிர்ந்த காலம். தரையில் ஒரு புல் முளைக்க விடுவதில்லை. அதை ஒழுங்கு என்கிறார்கள். பழம் இல்லை, புதர் இல்லை. குருவி என்னத்தைத் தின்னும்? வண்ணாத்திக்குருவி, கொண்டைக்குருவி, புறா, கரிக்குருவி, காகம் என்று ஐந்து இனங்களோடு அரை மைல் முடிந்தது. துரை கொட்டாவி விட்டார். கங்காணி மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அது ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

காட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் முதலில் கண்டது ஒரு சிவப்புக் கோழி.

"காட்டுக்கோழி தொரே," என்றார் கங்காணி.

"காலில் கயிறு ஏன்?" என்று கேட்டார் துரை. தோட்டத் துரைமார் பரீட்சை எழுதிப் படித்த தமிழ் அது.

"ஓடிப் போயிடும் தொரே."

பத்தடி தள்ளி ஓடையில் ஆறு வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. ஒரு மரக்கிளையில் இரண்டு பச்சைக்கிளிகள். இறக்கையை வெட்டியிருந்ததால் பறக்க முடியாமல் எங்களைப் பாவமாகப் பார்த்தன. நான் கங்காணியை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போய், "என்ன கங்காணியார் இது? இதெல்லாம் லயத்துப் பறவை எல்லோ?" என்றேன்.

"தலைக்கணக்குதான ஐயா கேக்குறீங்க? தலை இருக்கா இல்லையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலைப் பெரட்டில் எத்தனை பேர் வேலைக்கு வந்து நிற்கிறார்களோ அத்தனை தலைக்கும் கங்காணிக்குக் காசு. காய்ச்சல்காரனையும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்திப் பழகிய மனிதர் அவர். குருவிக்கும் பெரட்டு எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வரிசை குறையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதோடு நின்றிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். தலைக்கு மேலே, இலைகளுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"எங்கே போச்சு? சோம்பேறி! அரைப்பேர் போடு!"

பெரட்டுக்குப் பிந்தி வருபவர்களுக்குப் பாதிச் சம்பளம் போடச் சொல்லித் துரை தினமும் கத்துவது அது. குரலும் துரையின் குரல்தான். அந்தப் பரீட்சைத் தமிழ்கூட அப்படியே இருந்தது. துரை தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அண்ணாந்து பார்த்தால் கிளையில் ஒரு கூண்டு, அதற்குள் ஒரு மலை மைனா. புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்த, ரப்பர் மரம் சீவிப் பாலெடுக்கும் அஞ்சலை என்பவள் தலையில் கை வைத்தபடி எழுந்து நின்றாள். மைனா அவளுடையது.

துரையின் முகம் ரம்புத்தான் பழச் சிவப்புக்குப் போனது. காடும் போயிற்று, கங்காணியின் வேலையும் போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மைனா விடவில்லை. "அரைப்பேர் போடு!" என்றது மறுபடியும்.

"கங்காணி, இதுக்கும் தலைக்காசு வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் துரை சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து ஒரு வேரில் உட்கார்ந்து, அங்கிருந்த அட்டைகளுக்கெல்லாம் விருந்து வைத்தார்.

பிறகு நான் லயத்துப் பறவைகளை எல்லாம் தள்ளிவிட்டு ஒழுங்காக எண்ணினேன். குக்குறுவான், பச்சைப்புறா, மரங்கொத்தி, மீன்கொத்தி, தலைக்கு மேல் இரைச்சலோடு கடந்துபோன ஓர் இருவாச்சி ஜோடி என்று இருபத்திரண்டு இனங்கள். அத்தனை கலாட்டாவுக்குப் பிறகும் இவ்வளவு! எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானே முட்டையிட்டுப் பொரித்த மாதிரி.

"நல்லது," என்றார் துரை. "ரப்பர் பால் கொடுக்கும். குருவி என்ன கொடுக்கும்?"

குருவிகள் புழுப்பூச்சி தின்பதைப் பற்றி ரயிலில் ஒரு பிரசங்கமே தயார் பண்ணி வைத்திருந்தேன். அதை நான் ஆரம்பிப்பதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டாள்.

"குருவி ஒண்ணும் குடுக்காது தொரே. காடு தண்ணி குடுக்குது. அத எண்ண ஒரு ஆளும் வரல. குருவி எண்ண ஆள் வந்துச்சு. அதான் கோழியக் கொண்டாந்து கட்டுனோம்."

துரை ஓடையில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அடுத்த வருஷம் தான் சீமைக்கு லீவில் போகும்வரை காட்டில் கத்தி படாது என்றார். அதற்குப் பிறகு வரும் துரையைப் பற்றித் தான் எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மனிதர் பொய் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கசந்தது.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். காலுறையைப் புகையிலைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டால் அட்டை அண்டாது. மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையை மறக்க வேண்டாம். காலை ஏழு மணிக்குள் காட்டில் இருங்கள்; ஒன்பதுக்கு மேல் குருவிகளும் அடங்கிவிடும், உங்களுக்கும் பசிக்கும். வண்டிக்கூலியைப் பேரம் பேச வேண்டாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த வருஷமே போய்விடுங்கள்.

திரும்புகிற வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது கங்காணி கிட்டே வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இப்போது சிரிப்பில்லை.

"ஐயா, ஈப்போவுல உங்களுக்குப் பெரிய ஆளுங்களத் தெரியும். அடுத்து வர்ற தொரைக்கு என்னத்த எண்ணப் புடிக்கும்னு மட்டும் முன்னாடியே கேட்டுச் சொல்லிடுங்க. எங்கேருந்தாச்சும் கொண்டாந்து நிறுத்திடுறோம்."