மாமாவுக்குச் சொன்ன பிழைக் கணக்கு

சாவகச்சேரியில் லண்டன் பரீட்சைக்கே ஆட்களைத் தேற்றி ஓய்வுபெற்ற கணித மேதை என் மாமா. அவரிடம் படித்தும் கணக்கில் தவறி, அப்படியும் அவர் மகளைக் கட்டியவன் நான்.

அன்று பின்னேரம் மாமாவுக்கு மூச்சு இழுத்தது. பஞ்சாங்கம் பார்த்த சாத்திரியார் கையைப் பிசைந்தார்.

"விளக்கு வைக்குமட்டும் அவிட்டப் பஞ்சமி. அதுக்குள்ளை உயிர் போனால் ஆறு மாதம் வீட்டைப் பூட்டவேணும்."

மாமிக்குக் கண் தெரியாது. அந்த வீட்டில் மட்டும்தான் அவர் சுவரைத் தடவாமல் நடப்பார். மாமா பஞ்சமியை நம்பாதவர். ஆனால் ஊர் நம்பியது. அவர் பார்வை மாமியிடமே நின்றது. பிறகு இமை மூடத் தொடங்கியது.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். "மாமா, பதினேழைப் பதின்மூண்டாலை பெருக்கினால் இருநூற்றுப் பதினொண்டுதானே?"

இமை திறந்தது. "இருநூற்று இருபத்தொண்டு, மோடா."

விடாமல் கேட்டேன். பாதிப் பிழை வேண்டுமென்றே விட்டது. மீதி என் சொந்தத் திறமை. ஒவ்வொன்றையும் திருத்துவதற்காகவே மாமா திரும்பி வந்தார்.

வெயில் முற்றத்தை விட்டுப் போகும் நேரம், பதில் வரவில்லை. மாமி அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"பிழையெண்டு சொல்லுங்கோவன்."

வெகுநேரம் கழித்து உதடு அசைந்தது. "பிழை."

என் மனைவி விளக்கேற்றினாள். பஞ்சமி கழிந்ததென்று சாத்திரியார் தலையசைத்தார். நான் மாமாவின் காதருகே குனிந்தேன்.

"ரெண்டும் ரெண்டும் நாலு, மாமா."

"ஓம்" என்றார். பிறகு மூச்சு வரவில்லை.

மாமி இன்றும் அந்த வீட்டில் சுவரைத் தடவாமல் நடக்கிறார். மாமாவிடம் நான் சரியென்று வாங்கிய விடை அந்த நாலு ஒன்றுதான். அதை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று சில வேளை நினைப்பேன்.