படிப்பு முடிந்த தேதி

நெமேசியா திக்கோனாவின் வீடு பெருவில் இருந்தது. அவளுடைய மொச்சைக் காடு பொலிவியாவில் இருந்தது. நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்வரிசை. விடிகாலையில் டிட்டிகாக்கா ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து கல்வரிசையை விழுங்கிவிடும். அப்போது ஆடுகளின் மணியோசை மட்டும் கேட்கும். அது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அவள் எழுதப் படிக்கக் கற்றது ஐம்பத்திரண்டு வயதில், பொலிவியப் பக்கத்தில். மொச்சைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்மன்றத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. நான்கு குளிர்காலம் போனாள். எழுத்து பிடிபட்ட நாளை அவள் கனவு கண்டவளைப் போலத்தான் சொல்வாள்.

"மலைப் பாதையில பஸ்ஸுல போறேன், டீச்சர். பனி திடீர்னு விலகுச்சு. யாரோ 'கோழித் தீவனம்'னு காதுல சொன்ன மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. சுவருதான் இருக்கு. சுவருல எழுதியிருக்கு!"

ஐந்தாம் வகுப்புக்குச் சமம் என்று அவர்கள் கொடுத்த சான்றிதழை எடுத்துக்கொண்டு, ஐம்பத்தேழு வயதில் எங்கள் பள்ளிக்கு வந்தாள். எங்களுடையது பெரு எல்லையில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பெரியவர்கள் பள்ளி. நான் அங்கே ஆசிரியை. மேல்வகுப்பில் சேர வேண்டும் என்றாள். எழுத்தர் இலாரியோ சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அந்தப் பக்கத்துக் காகிதம்மா. அங்க பெரியவங்க வகுப்புல குடுக்கற சான்றுக்கு எங்க பட்டியல்ல இடமில்ல."

"படிச்சது நான்தானே தம்பி? நான் இந்தப் பக்கம்தானே நிக்கறேன்?"

"நீங்க நிக்கலாம். காகிதம் நிக்காது."

"அப்ப எங்க உக்காரட்டும்?"

"ஒண்ணாம் வகுப்புல."

உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து அ, ஆ என்று எங்கள் மொழி எழுத்துகளை உரக்கச் சொன்னாள். நான் புத்தகத்தைக் கொடுத்த அன்றே கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, வெளியே நாணல்களுக்கு நடுவே மிதக்கும் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாடம் நடத்தக் கூச்சமாக இருந்தது எனக்கு.

அந்த ஆண்டுதான் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு குழு வந்தது. பெரியவர்கள் எந்த வயதில், எந்த நாட்டில், எப்படிக் கற்றாலும் அது அண்டை நாட்டிலும் செல்ல வேண்டும். அதற்குப் பொது விதிகள் எழுத வேண்டும் என்று இரு அரசுகளும் பேசத் தொடங்கியிருந்தன. பெருவிலிருந்து திருமதி ஸல்திவார், பொலிவியாவிலிருந்து உரியோனா. அவரோடு உயரமான அட்டைப் பெட்டி நிறையப் படிவங்கள். படிப்பவர்கள் சிலரை அழைத்து வரச் சொன்னார்கள். நான் நெமேசியாவை எங்கள் ஊர் மன்றத்துக்கு அழைத்துப் போனேன்.

படிவத்தில் நான்கு கட்டங்கள். என்ன கற்றீர்கள், யாரிடம், எந்த நாட்டில், முடிந்த தேதி. மற்றவர்கள் அரை மணியில் கொடுத்துவிட்டார்கள். நெமேசியா இரண்டு நாள் எழுதினாள். தாள் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். வாசிப்பு, பின்னக் கணக்கு, உருளைக்கிழங்கை உறைபனியில் காயவைப்பது, மேகத்தைப் பார்த்து ஆலங்கட்டியை அறிவது, வயிற்றில் குறுக்காகக் கிடக்கும் குட்டியைத் திருப்புவது.

உரியோனா ஓர் இடத்தில் விரலை வைத்தார். "குட்டியைத் திருப்பக் கத்துக்கிட்ட நாடுன்னு கேட்டா, 'கல்வரிசை'ன்னு எழுதியிருக்கீங்களே அம்மா?"

"ஆடு அங்கதான் படுத்துக்கிச்சு ஐயா. தலை உங்க பக்கம், வாலு எங்க பக்கம். குட்டி எங்க பக்கம்தான் வந்துச்சு."

மன்றமே சிரித்தது. உரியோனாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கேட்டார்: "சரி, முடிஞ்ச தேதி எல்லாத்துலயும் காலியா இருக்கே? மறந்துட்டீங்களா?"

"மறக்கல. முடிஞ்சதும் எழுதித் தரேன்."

இந்த முறை திருமதி ஸல்திவார் சிரிக்கவில்லை. தன்னிடமிருந்த வெற்றுப் படிவத்தை எடுத்துக் கடைசிக் கட்டத்தின் மேல் பேனாவால் கோடு இழுத்தார்.

"இந்தக் கட்டம் இருக்கற வரைக்கும் நாம பள்ளிக்கூடப் படிப்பை மட்டும்தான் எழுதிக்கிட்டிருப்போம், வாழ்க்கையில கத்துக்கறத இல்ல, உரியோனா."

"தேதி இல்லாம எந்த அமைச்சகம் கையெழுத்துப் போடும்?"

"நாம போட வைக்கணும்."

மாலைவரை இருவரும் வாதாடினார்கள். சன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளியாகி, ரோஜா நிறமாகி, மெல்லச் சாம்பலானது. நெமேசியா பெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனாள். எழுந்ததும் என்னிடம், "ரெண்டு பேரும் ஒரே படகுல துடுப்புப் போடற மாதிரி கனவு கண்டேன். படகு நகரவே இல்ல டீச்சர்" என்றாள்.

கனவு பொய்க்கவில்லை. அமைச்சர்கள் மாறினார்கள், கடிதங்கள் போய் வந்தன. நெமேசியா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்கெனவே கடந்த படிகளை மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள். சில ஆண்டுகளில் இரண்டு வகுப்பைச் சேர்த்தே முடித்து, மூன்றாண்டில் ஐந்தாவதை இரண்டாம் முறையாகத் தேறினாள். அதற்கடுத்த மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பெரியவர்கள் வகுப்புச் சான்று இரு பக்கமும் செல்லும் என்றது அது. வாழ்க்கையில் கற்றதை மதிப்பிடும் பகுதியை இரண்டே ஊர்களில் சோதனையாகத் தொடங்குவார்களாம். எங்கள் ஊர் அதில் இல்லை. புதிய படிவத்தில் முடிந்த தேதி என்ற கட்டம் மட்டும் இல்லை.

நான் செய்தியைச் சொன்னதும் அவள் மகிழ்வாள் என்று நினைத்தேன். அவள் முகம் இறுகியது.

"மூணு வருஷம் டீச்சர். மூணு வருஷம் என்னை அ, ஆ சொல்ல வச்சீங்க."

அதன் பிறகு மூன்று சனிக்கிழமை அவள் வரவில்லை. அவளுடைய காலி பெஞ்சில் வெயில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும்.

நான்காவது சனிக்கிழமை வந்தாள். தனியாக அல்ல. பொலிவியப் பக்கத்து நாத்தனார் பொர்த்துனாத்தாவும், இன்னும் ஆறு பெண்களும் கூட வந்திருந்தார்கள். ஏழு பேர் கையிலும் அந்தப் பக்கத்துக் காகிதம். இலாரியோ புதிய பட்டியலைத் தேடி எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினார். ஏழு முறையும் மேசை அதிர்ந்தது. நெமேசியா பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

"காகிதம் நல்லாத்தான் நிக்குது, தம்பி" என்றாள்.

இலாரியோ தலையைக் குனிந்துகொண்டார். "என்னை மன்னிச்சிருங்கம்மா."

"அட, நீ என்ன செய்வ? பட்டியல்ல இருந்ததச் சொன்ன."

இப்போது எட்டுப் பேரும் மேல்வகுப்பில் ஒரே வரிசையில் உட்கார்கிறார்கள். பொர்த்துனாத்தா கணக்கில் கெட்டிக்காரி. நெமேசியா சென்ற தேர்வில் இருபதுக்குப் பதினொன்று வாங்கினாள். பதினொன்றுதான் தேற வேண்டிய மதிப்பெண். விடைத்தாளை இரு கையாலும் பிடித்துச் சன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் மேசைக்கு வந்து, தான் தவறவிட்ட ஒன்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லித்தரச் சொன்னாள்.