வடக்கே வளைந்த கோடு

திருச்சி தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் மட்டும் புயல் டீச்சர். ஐப்பசி பிறந்துவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இடைவேளைக்கு இடைவேளை போனில், புயலைக் கணிக்கும் அமெரிக்க மாடலையும் ஐரோப்பிய மாடலையும் மாற்றி மாற்றித் திறந்து, வங்கக்கடலில் எங்கே சுழல் உருவாகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நாளைக்கு லீவு உண்டா என்று எல்லோரும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அந்தத் தலைக்கனத்தின் பலனைப் போன வருடம் அனுபவித்தவள் என் அக்கா. ஜீயபுரத்தில் அவளும் மாமாவும் குத்தகை நிலத்தில் பூவன் வாழை போட்டிருக்கிறார்கள். மாடல் படத்தில் திருச்சிக்கு நேர் மேலே ஒரு சிவப்புத் திட்டைப் பார்த்த பரபரப்பில், காற்றில் மரம் சாய்வதற்குள் வெட்டிவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். முற்றாத தார்களை வெட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது. ஜீயபுரத்தில் கொடியில் கிடந்த துணிகூட நனையவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. "மெஷின் சொன்னதைத்தானே நீ சொன்ன," என்றாள். மெஷின் பத்து விதமாகச் சொன்னதில் புயல் நம் ஊருக்கு வரும் படத்தை மட்டும் பிடித்துக்கொண்டவள் நான். எப்போதும் சென்னைக்கும் கடலூருக்குமே போகும் புயல் ஒரு தடவையாவது எங்கள் பக்கம் வரவேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

இந்த வருடமும் அதே மாதத்தில் ஒரு தாழ்வுப் பகுதி. தார் முற்ற இன்னும் பதினைந்து நாள் வேண்டும். காலை ஏழு மணிக்கே அக்கா போன் செய்தாள்.

"உன் மாடல் என்னடி சொல்லுது? நாலு மணிக்குள்ள சொல்லிடு. இல்லன்னா வெட்டுற ஆளுங்க வேற தோட்டத்துக்குப் போயிடுவாங்க."

பத்து மணிக்கு அமெரிக்க மாடல் வந்தது. அதில் புயல் நாகப்பட்டினம் அருகே கரையேறி, நேர் மேற்கே எங்கள் தலைக்கு மேல் வந்தது. அந்த மாடல் எதையும் ஊதிப் பெரிதாக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஐரோப்பிய மாடலைத் திறந்தேன். காற்று சற்றுக் குறைவு, பாதை ஏறக்குறைய அதே. அந்த மாடலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐம்பது தடவை ஓட்டியதில் வரும் கோடுகளையும் பார்த்தேன். பிரிந்த நூல்கண்டு போலக் கிடந்தன. பாதிக்கு மேல் எங்கள் பக்கம்தான் வந்தன.

கடலில் சுழலின் மையம் உருவாகும்வரை எந்தக் கோட்டையும் நம்பக்கூடாது என்பது இதில் பாலபாடம். மையம் இன்னும் உருவாகவில்லை. தெரியாதுக்கா, வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மறுபடி வெட்டச் சொல்லி, மறுபடி வெயில் அடித்தால் மாமா முகத்தில் எப்படி விழிப்பது? எட்டாம் வகுப்புக்கு டெஸ்ட் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டுக்கு அடியில் போனை வைத்து ஜெர்மன் மாடல், பிரிட்டிஷ் மாடல் என்று திறந்துகொண்டே போனேன். ஒரு பெண் விடைத்தாளை நீட்டியபடி எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. மூன்றரை மணிக்கு, இதுவரை நான் ஒருநாளும் நம்பாத ஏதோ ஒரு தளத்தில், கோடு வடக்கே சென்னைக்கு வளைந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

வராந்தாவுக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

"வடக்க போயிடும்க்கா. வெட்ட வேணாம்."

"நிச்சயமாவா?"

"ஆமா."

மறுநாள் மையம் உருவானது. எல்லா மாடல்களும் ஒரே பேச்சாக எங்கள் பக்கம் திரும்பின. பதறிப்போய் அக்காவிடம் சொன்னேன். மாமா முசிறிவரை ஆள் தேடினார். ஒருவரும் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் காற்று வந்தது. அதற்குள் புயல் வலுவிழந்திருந்தது. நான் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் ஜன்னல்கள் அடித்துக்கொண்டன, அவ்வளவுதான். காவிரியில் தண்ணீர் பார்க்க ஜனங்கள் குடையோடு கிளம்பினார்கள். தார் சுமந்து நிற்கும் வாழைக்கு அந்தக் காற்றே அதிகம்.

மறுநாள் காலை ஜீயபுரத்தில் இறங்கினேன். மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக இடுப்பொடிந்து கிடந்தன. தார்கள் சேற்றில் புதைந்திருந்தன. மாமா முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாலதான்க்கா," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சும்மா இரு. உன்ன மட்டுமா கேட்டேன்? வாழைத்தரகரு வெட்டிடுங்கன்னாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதையேதான் சொன்னாரு. உங்க மாமாவுக்கும் வெட்டிடலாம்னுதான் இருந்துச்சு. எனக்குத்தான் பிஞ்சுத் தாரை வெட்ட மனசு வரல. யாராவது ஒருத்தர் வேணாம்னு சொல்ல மாட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியா நீ சொன்ன."

அவளிடம் மறைக்க முடியவில்லை. அன்று மதியம் நானும் அதையேதான் செய்தேன் என்று சொன்னேன். மூன்றரை மணிக்குக் கிடைத்த அந்த ஒரே கோட்டைப் பற்றியும் சொன்னேன்.

"அப்ப மத்ததெல்லாம் வரும்னுதான் சொல்லுச்சா?"

"ஆமாக்கா."

அக்கா கீழே கிடந்த கம்பின் ஒரு முனையைத் தூக்கி, மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள்.