பேரை இரவல் கொடுத்த டெயிலர்

என் கோட்டுக் காலர் பிய்ந்து ரொம்ப நாளாயிற்று. ஹட்டன் குளிரில் பிய்ந்த காலரோடு திரிகிறவனைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும்? எழுதிப் பிழைக்கிறவன், பாவம் என்று நினைக்கும். நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன். வீட்டில் விடவில்லை. போன மாதம் ஒருவழியாகக் கோட்டை எடுத்துக்கொண்டு டெயிலர் மாரிமுத்துவிடம் போனேன்.

பஜார் முனையில் பலகை அடித்த சின்னக் கடை அவருடையது. ஒரு மெசின், ஒரு மேசை, இஸ்திரி போட ஒரு கரிப்பெட்டி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து பெரிய கிளாக்கரின் கால்சட்டை வரைக்கும் அவர் கைதான். எப்போது போனாலும் மெசின் ஓடிக்கொண்டிருக்கும். அவர் வாயும் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு இரண்டும் ஓடவில்லை.

"என்ன மாரிமுத்து, நூல் தீந்து போச்சா?"

"கோட்ட வேற எடத்துல குடுத்துருங்க சார். இந்த மெசின் இன்னும் எத்தன நாளைக்கு இங்க இருக்கும்னு தெரியல."

விஷயம் இதுதான். முதல் நாள் கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்கிற பிஸ்கால் ஆள் வந்திருக்கிறார். கடையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். மெசினைத் தொட்டுப் பார்த்து, அதன் நம்பரை எழுதிக்கொண்டு போய்விட்டார். வருமான வரி பாக்கியாம். கட்டாவிட்டால் மெசினை எடுத்துக்கொண்டு போய் ஏலம் போடுவார்களாம்.

வருமான வரியா... மாரிமுத்துவுக்கா? நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க சார். நான் ஹட்டன்ல மொத்த வியாபாரியாம். எனக்கு லாரி இருக்காம்."

சொல்லிவிட்டு மெசின் மேல் கிடந்த நூல் துணுக்கைத் துடைத்தார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. மெசின் போனால் மாரிமுத்து வீட்டில் அடுப்பு எரியாது. எனக்கு மட்டுமா, பஜாருக்கே தெரியும் அது.

இந்த லாரி எங்கிருந்து வந்தது? வாசகர்களில் பாதிப் பேர் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். நம் ஊர்க் கதைதானே!

அதே பஜாரில் ரெங்கசாமி முதலாளியின் சாமான் கடை இருக்கிறது. அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பக்கம் தோட்டக் கடைகளுக்கெல்லாம் அரிசி பருப்பு அவர் லாரியில்தான் போகும். இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களெல்லாம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார்கள் அல்லவா? முதலாளியும் போட்டார். டெயிலரும் போட்டார். நடுவில் நீண்ட நாள் இந்தியாவில் போய் இருந்துவிட்டீர் என்று முதலாளியின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். மாரிமுத்து எங்கே போனார்? மெசினை விட்டு எழுந்ததே இல்லை. அவருக்குக் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு கடைக்கும் லாரிக்கும் லைசென்ஸ் எடுப்பதென்றால் பிரஜையாக இருந்தால் சுலபம் என்று ஆயிற்று. முதலாளி ஒருநாள் டெயிலர் கடைக்கு வந்தார். "ஒம் பேர மட்டும் குடு மாரிமுத்து. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். கேட்டது முதலாளி, அதுவும் கடை தேடி வந்து கேட்கிறார். மாட்டேன் என்று சொல்ல எந்த டெயிலருக்கு வாய் வரும்? ஒரு கையெழுத்து. அவ்வளவுதான், கடை, லாரி, லைசென்ஸ் எல்லாம் மாரிமுத்து பேரில்.

"சரி, இத்தனை வருசத்துல உங்களுக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"தீவாளிக்கு வேட்டி குடுப்பாருங்க. கடைக்குப் போனா டீ வாங்கித் தருவாரு."

வரிக் கந்தோரிலிருந்து, அதாவது வரி ஆபீசிலிருந்து, கடிதங்கள் மட்டும் ஒழுங்காக மாரிமுத்து பேருக்கு வந்திருக்கின்றன. சிலது இங்கிலீஷில், சிலது சிங்களத்தில். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். வந்ததை வந்தபடியே முதலாளியிடம் கொடுத்துவிடுவார். முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கடையில் மாட்டியிருக்கும் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுச் சூடம் காட்டினார். முருகன் எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வரிக் கந்தோருக்குப் பதில் எழுதவில்லை. பதில் வராததால் கந்தோர்க்காரர்களே ஒரு லாபத்தை மதிப்புப் போட்டு, அதற்கு வரியும் போட்டுவிட்டார்கள்.

நான் மாரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு நேரே முதலாளியிடம் போனேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும். பயந்தவர். லைசென்ஸ் போனால் கடை போகும், கடை போனால் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான் என்று ராத்திரி தூக்கமில்லாமல் கிடக்கிற மனிதர். இந்த மலைநாட்டில் அந்தப் பயம் இல்லாத வீடு எது?

"மெசினக் கொண்டு போனா கொண்டு போகட்டும்ப்பா. நான் புது மெசின் வாங்கித் தாரேன்" என்றார்.

மாரிமுத்து சொன்னார்.

"வாங்கித் தருவீங்க முதலாளி. அடுத்த நோட்டீசும் எம் பேருக்குத்தானே வரும்?"

நான் மெதுவாக, கண்டியில் எனக்குத் தெரிந்த ஒரு புரொக்டர் இருக்கிறார், போய்ப் பார்க்கலாமே என்றேன். முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது.

"வக்கீலா? எம்மேல கேஸ் போடப் போறீங்களா?"

பார்த்தீர்களா? வக்கீல் என்றால் நமக்குக் கேஸ். கேஸ் என்றால் மானக்கேடு. கடை திறக்க நாள் பார்க்கச் சோசியரிடம் போகிறோம். பிள்ளைக்கு இருமல் என்றால் டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். ஆயுசு முழுக்க நம்மைக் கட்டிப்போடப் போகிற காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது மட்டும் ஒருவரிடமும் கேட்பதில்லை. ஏன் என்று நானும் யோசித்துப் பார்த்தேன்... கேட்டால் எதிராளியை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். அந்தக் கூச்சத்திலேயே பாதி வீடுகள் கவிழ்ந்திருக்கின்றன.

கேஸ் இல்லை, யோசனை கேட்கத்தான் என்று முதலாளிக்கு விளங்க வைத்த பிறகு மூன்று பேரும் கண்டிக்குப் பஸ் ஏறினோம். புரொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கம்பனி விவகாரம், வரி விவகாரம் என்றால்தான் எடுப்பார். அடிதடி, வெட்டுக்குத்து என்று போனால் அடுத்த தெருவுக்கு வழி காட்டிவிடுவார். எங்களை உட்காரச் சொன்னார். டெயிலரை விட்டுவிட்டு முதலாளியிடம் ஆரம்பித்தார்.

"கடை ஆற்றை?" என்றார். யாருடையது என்று யாழ்ப்பாணத்துப் பேச்சில் கேட்கிறார்.

"அவர் பேர்லதாங்க இருக்கு..."

"பேரைக் கேக்கேல்லை. லாபம் ஆற்றை வீட்டை போகுது?"

முதலாளி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். இந்த மனிதர் இப்போது என்ன சொல்கிறாரோ அதில்தான் மெசின் இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"எங்க வீட்டுக்குத்தாங்க" என்றார் முதலாளி.

"இதைக் கந்தோரிலை வந்து சொல்லுவியளோ?"

"சொல்றேங்க. அவன் மெசின விட்ரச் சொல்லுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத வெட்கமில்லை, கலங்கித்தான் விட்டது. எத்தனை வருசப் பயத்தை விழுங்கிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார்!

மாரிமுத்துவுக்கு வேறொரு பயம் இருந்தது. "எம் பிரஜாவுரிமையப் புடுங்கிருவாங்களா ஐயா?" என்று கேட்டார். "அது வேறை கந்தோர், இது வேறை கந்தோர். இப்ப வரியைப் பாப்பம்" என்றார் புரொக்டர். பிறகு முதலாளியைத் துருவ ஆரம்பித்தார். லாரிக்குப் பெட்ரோல் யார் போட்டது? டயர் மாற்றியது? டிரைவர் சம்பளம்? மழையில் நனைந்து வீணாய்ப்போன அரிசி மூட்டை? இதையெல்லாம் முதலாளி ஒரு நாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் செலவை அரசாங்கத்திடம் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாராம்.

"வித்த காசு முழுக்க லாபம் எண்டு கந்தோர்க்காரர் நினைச்சிருக்கினம். நீங்கள் வாய் திறக்காட்டி அவையள் வேறை என்னத்தை நினைக்கிறது?" என்றார் புரொக்டர்.

வரி வக்கீல் என்றால் வரி கட்டாமல் தப்பிக்கச் சொல்லிக் கொடுப்பவர் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் முதலாளியை வரி கட்ட அல்லவா கூட்டிக்கொண்டு போனார்! கட்ட வேண்டியதைக் கட்டு, கட்ட வேண்டாததைக் கட்டாதே, எது எது என்று நான் சொல்கிறேன் — அவர் தொழில் அவ்வளவுதான். வரிக் கந்தோரில் இருந்தவர் ஒரு சிங்களப் பெரியவர். நாங்கள் பயந்த மாதிரி ஒன்றும் மேசையில் குத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டார். மாரிமுத்துவிடம் சிங்களத்தில், உனக்கு என்னதான் சொந்தம் என்று விசாரித்தார். மெசின் மட்டும்தான் மாத்தயா என்று இவர் பஜார்ச் சிங்களத்தில் சொன்னார். பெரியவர் பைலை இழுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

மெசினை விட்டுவிட்டார்கள். செலவையெல்லாம் காட்டியபிறகு வரியும் இறங்கிவிட்டது. மிச்சத்தை முதலாளி தவணை தவணையாகக் கட்டுவதென்று ஏற்பாடு.

அதோடு முடிந்ததா? புரொக்டர் விடவில்லை. லைசென்ஸ் மாரிமுத்து பேரில் இருக்க வேண்டுமென்றால் அவர் நிசமான பங்குக்காரராக இருக்க வேண்டும், கூட்டு வியாபார உறுதிப் பத்திரம் எழுத வேண்டும் என்றார்.

"பங்கா?" முதலாளி இழுத்தார்.

"பங்கு குடுக்க மனமில்லாட்டி பேரையும் கேக்கக் கூடாது, ஐயா."

கடைசியில் முதலாளி சரி என்றார். சின்னப் பங்குதான். ஆனாலும் பங்கு. மாரிமுத்து நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார்.

போன வாரம் உறுதியில் கையெழுத்துப் போட மறுபடியும் கண்டிக்குப் போனோம். எல்லாம் இங்கிலீஷில் டைப் அடித்துத் தயாராக இருந்தது. முதலாளி ஒரே இழுப்பில் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். மாரிமுத்து பேனாவைக் கையில் வாங்கினார். போடவில்லை.

"ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு முழுசாத் தமிழ்ல சொல்லுங்க."

புரொக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மாரிமுத்து ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். விளங்காத இடத்தில் நிறுத்தி மறுபடியும் கேட்டார். முதலாளி வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

"போட்ருப்பா மாரிமுத்து, பஸ் போயிரும்."

மாரிமுத்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"போகட்டும் முதலாளி. ஒக்காருங்க. அடுத்த பஸ்ல போவோம்."

முதலாளி உட்கார்ந்தார்.

வாசகர்களே, கையெழுத்துக்கு ஒரு நிமிசம் போதும்... அதற்கு முன்னால் ஒரு பஸ்ஸை விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது!