ஊசி நீண்ட பூ

காம்பில் நகத்தால் ஒரு சுண்டு, கேரம் காயைச் சுண்டுவதுபோல. தலை கவிழ்ந்த ஊதாக் கத்தரிப்பூ அதிர்கிறது. நடுவில் நெருங்கி நிற்கும் ஐந்து மஞ்சள் குழல்களின் நுனித் துளைகளிலிருந்து தூள் உதிர்கிறது. பரீனா விரலை வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள். படிந்திருக்கிறது. அடுத்த பூவுக்கு நகர்கிறாள்.

"என்ன தங்கச்சி, பூவோட கேரமா?" வேலிக்கு அப்பால் ஜபார். லொறி ஓட்டுபவர், தோட்டமும் செய்பவர்.

"நீங்க மருந்தடிச்சு வண்டெல்லாம் செத்துப் போச்சு நானா. அதுட வேலைய ஆர் பார்க்கிற?"

கரைத்தீவில் அவளுக்கு அரை ஏக்கர் மிளகாய். கத்தரி இந்த ஒன்றுதான். பூவைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மஞ்சள் குழல்களைத் தாண்டிப் பச்சை ஊசி வெளியே நீட்டியிருந்தால் காய்க்கும். உள்ளே குட்டையாக நின்றால் கொட்டிவிடும். "ஒளிச்சிரிக்கிறதெல்லாம் சும்மா பூ." இதுவரை பூத்தவை எல்லாம் அப்படித்தான்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, அவளும் அக்கா ஸஹ்றாவும் ஒரே வள்ளத்தில் தெற்கே இந்தக் கரைக்கு வந்தார்கள். யுத்தம் முடிந்ததும் ஸஹ்றா திரும்பிப் போனாள். பரீனா போகவில்லை. "மிளகாக் கண்டுதான் உனக்கு உம்மாவும் வாப்பாவும்" என்றாள் அக்கா. பதிலுக்குத் தான் சொன்னதைப் பரீனா யாருக்கும் சொல்வதில்லை. மூன்று வருடமாகப் பேச்சில்லை.

போன மாரியில் ஜபாரின் லொறியில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு சிட்டிகை கத்தரி விதை. "காய் வந்தாக் கதைக்கச் சொல்லுங்க" என்று ஸஹ்றா சொல்லி அனுப்பியிருந்தாள். முளைத்துத் தப்பியது ஒரு கன்று.

காய் இல்லாமல் எப்படிக் கதைப்பது? சில மாலைகளில் கைபேசியில் அந்தப் பெயர்வரை போவாள். திரையை முந்தானையால் துடைத்து வைத்துவிடுவாள்.

இன்று ஒரு பூவில் ஊசி நன்றாக நீண்டிருக்கிறது. மூன்று தரம் சுண்டினாள். கடற்காற்றுப் பக்கம் தென்னோலை ஒன்றைக் குத்தி மறைத்தாள்.

"இது நிக்கும் நானா."

"நிக்காட்டி?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மறுநாள் காலை அந்தப் பூ மண்ணில் கிடந்தது. பரீனா கை கழுவி, வரப்பில் உட்கார்ந்து, அக்காவுக்கு அழைப்பெடுத்தாள். "ராத்தா, பூவெல்லாம் கொட்டுது" என்றாள். பிறகு கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் விடும் தண்ணீரை அன்று மிளகாய்க்கு விட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.