ராணி எழுதிய தாலாட்டு

சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் நான் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு ஜமீன் ராணியின் புத்தகம் எங்களிடம் வந்தது. அதற்கு முன் அந்த அம்மாள் பெருமாள்மேல் எழுதிய பாட்டுகள் இரண்டு புத்தகங்களாக வெளிவந்திருந்தன. இது தாலாட்டு. சிறு வயதிலேயே வைசூரி கண்டு இறந்துபோன தன் மகனுக்கு எழுதியது. பாட்டுக்குப் பாட்டு அவன் பெயர் வரும். அரண்மனையில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லையாம். அச்சில் வந்தால் எங்கேயாவது யாராவது பாடுவார்கள், பெயர் காதில் விழும் என்றுதான் கொடுத்திருக்கிறார் என்று, எழுதிய தாள்களைக் கொண்டுவந்த பணிப்பெண் சொன்னாள்.

எங்களிடம் பிழை திருத்த ஒரு வைஷ்ணவப் பண்டிதர் வருவார். நல்ல மனிதர். புரூப்பைப் படித்துக் கண் கலங்கினார். பிறகு பையன் பெயர் வந்த இடமெல்லாம் அடித்து, கண்ணன் என்று எழுதினார்.

"மனுஷாளைப் பாடப்படாது ஓய். அந்த அம்மாவுக்குப் பாவம் சேரப்படாதேன்னுதான் பண்றேன்."

"ராணியம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினா..." என்று முதலாளி இழுத்தார்.

"கேப்பானேன்? குழந்தையைப் பகவானாவே ஆக்கியிருக்கேன். வேண்டாம்னா சொல்லப்போறா?"

அந்தப் பெயரின் ஈய எழுத்துகளை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, கண்ணனைக் கோத்தேன்.

புத்தகக் கட்டுகளை முதலாளியும் நானும் ராணி எங்கள் ஊருக்கு வந்து தங்கியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவர் திரைக்குப் பின்னால் இருந்தார். பணிப்பெண் ஒரு புத்தகத்தை உள்ளே கொடுத்தாள். தாள் புரளும் சத்தம் மெதுவாகக் கேட்டது. பிறகு வேகமாக. பிறகு நின்றது.

"என் புள்ள எங்க?"

முதலாளி தட்டுத்தடுமாறிப் பண்டிதர் சொன்னதைச் சொன்னார். "உத்தரவு ஆனா பழையபடியே கோத்து அச்சடிச்சிடலாம்மா."

புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"பெருமாள் பேரை எடுத்துட்டு என் புள்ள பேரைப் போடுன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? போட்டாச்சு. இருக்கட்டும்."

நாங்கள் எழுந்தோம்.

"எழுத்து கோத்தது யாரு?"

"இவன்தாம்மா."

"அவனைச் சொல்லச் சொல்லுங்க."

"இன்னாம்மா சொல்லணும்?"

"என் புள்ள பேரை."

நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. சொன்னேன்.

"இன்னொரு தரம்."

சொன்னேன். பணிப்பெண் எங்களைப் போகும்படி கை காட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த ராணி எதுவும் எழுதி வெளியிடவில்லை. புத்தகம் மட்டும் பரவிவிட்டது. கிருஷ்ண ஜயந்தியன்று எங்கள் தெருப் பெண்கள் இன்றும் அதைப் பாடுகிறார்கள். அதில் காய்ச்சல் விட்டதும் கரும்பு நறுக்கித் தருகிறேன், கண் திற என்று ஓர் அடி வரும். பண்டிதர் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். கண்ணனுக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.